டாக்டர் வாங்கித் தந்த மீன் தலைக் கறி

புதுத் துகள் ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் காய்கறிப் பையோடு நிற்கும்போது கீழ்மாடிக்காரர் ஒருவர் கேட்டார். இல்லை, ஏற்கெனவே இருக்கிற துகளைச் சரியாக எண்ணுவதிலேயே காலம் போய்விட்டது என்றேன். ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு அவர் தம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

போன மாதம் செந்தில் தொலைபேசியில் அழைத்தான். நான் வேலை பார்த்த பல்கலைக்கழகக் குழுவுக்கு இப்போது அவன்தான் தலைவன், பெரிய பேராசிரியர். நான் இன்னும் அவன் இவன் என்றுதான் சொல்கிறேன், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. மாணவர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம், நான் எழுத வேண்டுமாம். "இப்ப விடையக் கம்ப்யூட்டரே மறைச்சு வச்சுக்குதுக்கா. பத்மாவதி மேடம் கையில அந்த நம்பர் இருந்த காலத்தப் பத்தி இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்றான். அவன் எந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆய்வாளராக உள்ளே போனவள் ஏன் தரவுச் சோதனை அலுவலராக ஓய்வு பெற்றேன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் அதுவே பதில் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

படிப்புக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். வீட்டில் நான்தான் கடைக்குட்டி, கணக்கு மட்டும் நன்றாக வரும். இயற்பியல் படித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் ஆசிரியையானேன். சாய்வான பலகையில் உருளும் பந்தை வருஷா வருஷம் உருட்டி அலுத்துப்போய், மகனைப் பள்ளியில் சேர்த்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் போனேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பட்டம் கைக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டேன். அந்த வயதில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டவர் டாக்டர் பத்மாவதி ஒருவர்தான்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதில் ஈய அணுக்களின் கருக்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிடுவார்கள். மோதிய இடத்தில், நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறைந்த நேரத்துக்கு, ஒரு குழம்பு உண்டாகும். புரோட்டானும் நியூட்ரானும் உருகி, உள்ளே அடைந்து கிடந்த குவார்க்குகள் கலந்து ஓடுகிற குழம்பு. பேரண்டம் பிறந்த புதிதில் இப்படித்தான் இருந்தது என்கிறார்கள். அதில் யாரும் கரண்டி விட்டுப் பார்க்க முடியாது. அதற்குள் புகுந்து வெளியே வந்த துகள்களை வைத்துத்தான் அது எப்படிப்பட்ட குழம்பு என்று சொல்ல வேண்டும். அதற்கு மிகவும் தோதானவை கனமான குவார்க்குகள். அவை மோதிய கணத்திலேயே பிறந்து, குழம்பு முழுவதையும் கடந்து வருகின்றன.

தீபாவளிக்கு முந்தின நாள் சிராங்கூன் சாலையில் நடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். தேக்கா சந்தைப் பக்கம் போக நினைத்து இறங்கினால், கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். ஒல்லியானவர்கள் கதை அப்படி. அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்காரர் என்ன ஆவார்? அவரும் கூட்டத்தோடு இழுபடுவாரா, தன் பாட்டுக்கு நேரே போய்விடுவாரா? கனமான குவார்க்கில் சார்ம் என்று ஒன்று, பாட்டம் என்று ஒன்று. சார்ம் குழம்பில் இழுபடுகிறது என்று அப்போதே தெரியும். பாட்டம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனம். அதுவும் இழுபடுமா என்பதுதான் எங்கள் கேள்வி. கடைசியில் ஒரே ஒரு எண் வரும். ஒன்றுக்குக் கீழே வந்தால் இழுபட்டது என்று பொருள். ஒன்றாகவே வந்தால், பாட்டம் குழம்பைச் சட்டை செய்யாமல் போய்விட்டது. இழுபடும் என்று டாக்டர் பல காலமாக எழுதியும் பேசியும் வந்தார்.

குவார்க்கை யாரும் நேரில் பார்க்க முடியாது. அது வேறு துகளாக மாறி, சிறிது தூரம் போய்ச் சிதைந்து, பிள்ளைத் துகள்களை உதிர்த்துவிடும். நாங்கள் உதிர்ந்த பிள்ளைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, இவை ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று பார்ப்போம். பெரும்பாலான ஜோடிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அவற்றை எல்லாம் படமாக வரைந்தால் சரிவான மேடு ஒன்று வரும். அந்த மேட்டின் நடுவில் உண்மையான ஜோடிகள் சின்ன முண்டாக எழுந்து நிற்கும். சார்மின் பிள்ளைகள் மோதிய இடத்திலிருந்து தலைமுடித் தடிமன் அளவுக்கு நகர்ந்து உதிரும், பாட்டத்தின் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆகவே இவ்வளவு தூரத்துக்கு அப்பால் உதிர்ந்ததை மட்டும் எண்ணுவது என்று ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் எங்கள் தொழிலில் பாதிச் சண்டை.

அது போக, மோதல்கள் நடக்கும் நாட்களில் கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். அங்கே நடுநிசி என்றால் இங்கே காலை. அதனால் ஐரோப்பாக்காரர்களின் இரவு ஷிப்டை நாங்கள் நம் ஊர்ப் பகலில் பார்த்துக் கொடுப்போம். ஒரு கையில் பால் சேர்க்காத கோப்பி ஓ, எதிரில் ஏழெட்டுத் திரை. ஏதாவது ஒரு கட்டம் சிவந்தால் அங்கே தூங்கி வழிகிறவரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. குளிரூட்டியின் இரைச்சல், செந்தில் கொண்டுவரும் முறுக்கு, கண்ணாடிக்கு வெளியே கொட்டும் மழை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம், இழுத்து முடிந்த கொண்டை. உட்கார்ந்து படம் பார்க்க மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் முண்டு தெரிகிற இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிவிடுவார். "இத விட்டுட்டு மிச்சத்தச் சொல்லு" என்பார். இரண்டு பக்கச் சரிவும் ஏன் அப்படி இருக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்வரை கை விலகாது. கை வலிக்காதா என்று ஒருநாள் கேட்டதற்கு, சீக்கிரம் சொன்னால் வலிக்காது என்றார். அவரிடம் இரண்டு வகை 'ம்' உண்டு. குட்டையான ம் என்றால் முதலிலிருந்து செய். நீளமான ம் என்றால் மேலே போ. பாராட்டு என்று ஒன்று அவர் வாயிலிருந்து விழுந்து நான் கேட்டதில்லை. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியைத் தனியாகச் சாப்பிடுவார். கோப்பிக் கடைக்கு எல்லாரும் சேர்ந்து போனாலும் அவரவர் கோப்பிக்கு அவரவர்தான். எங்கள் யாருக்கும் ஒரு தெ தாரிக் டீ வாங்கித் தந்தவர் இல்லை.

செந்தில் அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து வேலை அனுமதியில் வந்திருந்தான். வந்த முதல் வாரமே குட்டை ம் இருபது வாங்கி முகம் செத்துப்போய் என் மேசைக்கு வந்தான். அவருக்கு உன்னைப் பிடிக்கும், பிடிக்காதவர்களுக்கு ம் கூடக் கிடையாது என்று சமாதானம் சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை.

இனி அந்த வழக்கம். கோயிலில் சாமிக்கு அலங்காரம் நடக்கும்போது திரை போட்டுவிடுவார்கள் அல்லவா, எங்கள் குழுவிலும் அப்படி ஒரு திரை உண்டு. விடை என்ன என்று முன்பே தெரிந்தால், வேலை செய்கிறவர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். வேண்டிய விடை வந்ததும் தேடுவதை நிறுத்துவார், வேண்டாதது வந்தால் எங்கே தப்பு என்று குடைந்துகொண்டே இருப்பார். அதைத் தடுக்க, ஒருவர் மட்டும் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்வார். கணக்கில் வரும் விடை எப்போதும் அந்த எண்ணால் பெருக்கப்பட்டுத்தான் எங்கள் திரைக்கு வரும். கோட்டை நகர்த்தினால் விடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றுக்குக் கீழே இருக்கிறதா, ஒன்றா என்பது தெரியாது. அது இரகசிய எண் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். கோடு உட்பட எல்லாவற்றையும் முடிவு செய்து, இனி மாற்றமில்லை என்று கூட்டம் போட்டுச் சொன்ன பிறகுதான் திரையை விலக்குவோம். எங்கள் குழுவில் எண்ணை வைத்திருந்தவர் டாக்டர்.

பாட்டம் பற்றிய கணக்கு என் பொறுப்பு. செந்தில் தனியாக அதையே செய்து என்னைச் சரிபார்ப்பான். என் ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. நீட்டிக்கவில்லை என்றால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. முப்பது வயதுக்காரர்கள் வரிசையில் நிற்கும் தொழிலில் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை யார் கூப்பிடுவார்கள்? மறுபடி சாய்வான பலகைக்கும் துணைப்பாட டியூஷனுக்கும்தான் போக வேண்டும். என் கையில் இருந்த ஒரே துருப்பு இந்த விடைதான். எங்கள் தொழிலில் கட்டுரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் அகர வரிசையில் வரும், யார் உழைத்தார் என்று வெளியே தெரியாது. ஆனால் பெரிய மாநாட்டில் விடையை மேடையேறிச் சொல்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். கணக்கைச் செய்தவர்தான் மேடையேறுவார் என்பது வழக்கம். விடை மட்டும் ஒன்றுக்குக் கீழே வந்து, நான் மேடையேறிவிட்டால், இங்கே இல்லாவிட்டாலும் வேறு எங்காவது ஒரு கதவு திறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கோட்டை முடிவு செய்யும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, டாக்டர் என் மேசைக்கு வந்து, மதியம் வெளியே சாப்பிடலாமா என்றார். எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். டாக்சியில் ரேஸ் கோர்ஸ் சாலைக்குக் கூட்டிப்போனார். வாழை இலை போட்டு, சட்டி நிறைய மீன் தலைக் கறி வந்தது. தன் கையால் கன்னப் பகுதிச் சதையைப் பிட்டு என் இலையில் வைத்தார். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்றார். என் அம்மாவுக்கு முட்டி வலி என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "நல்லா சாப்பிடு சுசீலா" என்றார். கணக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பையைத் திறப்பதற்குள் அவரே பணத்தையும் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது டாக்சியில் எனக்கு யோசனை ஓடியது. ரொட்டியைத் தனியாகத் தின்கிற மனுஷி எனக்கு எதற்கு மீன் வாங்கித் தருகிறார்? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவருக்கு விடை தெரியும். விடை ஒன்று. பாட்டம் இழுபடவில்லை, அவர் சொல்லிவந்ததும் போயிற்று, என் மேடையும் போயிற்று. அதைச் சொல்ல முடியாமல் மனசு கேட்காமல் சாப்பாடு போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் அளந்தே பழகிய புத்தி மனுஷர் முகத்தையும் அப்படித்தான் படித்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேருந்து நிறுவனத்தில் மெக்கானிக், என் குவார்க்குகளோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துபவர். "ஒரு பொம்பள ஒனக்கு மீனு வாங்கிக் குடுத்துச்சு. நல்லா இருந்துச்சான்னு கேட்டா, அதுக்கு ஒரு கணக்கு சொல்ற. பைத்தியமா லா நீ?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. கோட்டுக்கு இரண்டு இடங்கள் வைத்திருந்தேன், ஒன்று கிட்ட, ஒன்று தள்ளி. இரண்டுக்கும் நியாயம் உண்டு. மாதக் கணக்கில் பார்த்து, கிட்டப் போடுவதே நல்லது, நிறையத் துகள்கள் கிடைக்கும் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன். அன்று காலை தள்ளிப் போடுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் தோன்றின. சார்மின் கலப்படம் குறையும், கருவியின் ஓரப் பகுதியை நம்ப வேண்டியதில்லை, இப்படி ஐந்தாறு. ஒன்றுகூட மோசமான காரணம் இல்லை. எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லலாம், டாக்டரே நீள ம் போடுவார். ஆனால் தள்ளிப் போட்டால் விடை சற்று இறங்கும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். அவ்வளவு நல்ல காரணங்கள் நேற்றுவரை எங்கே போயிருந்தன? எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

அன்று முழுவதும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் கணக்கு என் கையை விட்டுப் போகும், கணக்கோடு மேடையும் போகும். கிட்டவே போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்றும் யோசித்தேன். அப்படிப் போட்டால், விடையைத் தெரிந்துகொண்டு வீம்புக்காகக் கிட்டப் போட்டதாகிவிடும், அதுவும் சாய்வுதான். எந்தப் பக்கம் போட்டாலும் இனி அது என் கை போட்ட கோடாக மட்டும் இருக்காது. மதியத்துக்கு மேல் எழுந்துபோய் டாக்டரின் கதவைத் தட்டினேன்.

"டாக்டர், எனக்கு விடை என்னன்னு தெரிஞ்சு போச்சு. கோட்ட நான் போடக் கூடாது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நீங்கதான் சொன்னீங்க. நேத்து மீன் வாங்கிக் குடுத்தீங்களே."

அவர் கழற்றிய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன், காலையில் கை எந்தப் பக்கம் போனது என்பதை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நீ நெனக்கிறது சரியா தப்பான்னு நான் சொல்ல முடியாது" என்றார். "நீ இதச் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது. அதனாலதான் சொல்றேன்."

"மேடை செந்திலுக்குப் போயிடும்."

தெரியும் என்றேன். அவர் நீளமாக ஒரு ம் சொன்னார். வாழ்க்கையில் நான் வாங்கிய நீள ம்களிலேயே வலித்தது அதுதான்.

அடுத்த நாளே எல்லாம் மாறியது. கணக்கு செந்திலுக்குப் போனது. ஐரோப்பாவில் இருந்த ஒரு சக ஆய்வாளரிடம் சொல்லிப் புது இரகசிய எண் போட்டார்கள், அது டாக்டருக்கும் தெரியாது. செந்தில் என்னிடம் வந்து நின்று, "எனக்கு இது வேணாங்கா, ஒங்களோடது" என்று அழாத குறையாகச் சொன்னான். ஒழுங்காகச் செய்யாவிட்டால் முறுக்குக்குக்கூட உன் பக்கம் வரமாட்டேன் என்று விரட்டினேன். கோடு பற்றி என்னிடம் கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. அவன் தன் பாட்டுக்கு வேலை செய்து, கடைசியில் கிட்டத்தான் போட்டான். அந்த வாரங்களில் நான் கருவியைத் திரையில் கண்காணிக்கும் ஷிப்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். மீன் வாங்கித் தந்து மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்தேன்.

திரை விலக்கும் நாள் வந்தது. எங்கள் சின்னக் கூட்ட அறையில் டாக்டர், செந்தில், நான், இன்னும் நாலைந்து மாணவர்கள். திரையில் அந்த ஐரோப்பாக்காரர், அவருக்கு அது விடியற்காலை, தலை கலைந்து கிடந்தது. அவர் தன் எண்ணை வாசித்தார். செந்தில் அதைத் தட்டினான். படத்தில் விடையின் புள்ளி ஒரு குலுக்கலோடு இறங்கியது. ஒன்று என்ற அளவுக்கு நன்றாகக் கீழே போய் நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை, அவ்வளவு கனமான பாட்டமும் குழம்பில் இழுபட்டிருந்தது. மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். செந்தில் என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் சிரித்தேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளுக்குள் ஏதோ இடறியது. விடை இதுதான் என்றால், அன்று அந்த மீன் எதற்கு?

எல்லாரும் கோப்பி குடிக்கப் போனார்கள். டாக்டர் தன் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

அவர் உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மீன் வாங்கித் தந்த அன்று காலைதான் மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு, என் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது, விடை எதுவானாலும் முடியாது என்று சொன்னார்களாம். கடிதம் வரும்வரை எனக்குச் சொல்லக் கூடாது என்றார்களாம். எதிர்த்து எழுதிப் பார்த்திருக்கிறார், அதற்கும் திரை விலக்குவதற்கு முந்தின நாள்தான் முடியாது என்று பதில் வந்திருக்கிறது. "என்ன பண்றதுன்னே தெரியல. சாப்பாடாவது வாங்கிக் குடுப்போம்னு தோணுச்சு. எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல, பாரு" என்றார்.

வேலை போன கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒப்பந்தம் தீர்ந்து வெளியே வந்தேன். இரண்டு வருஷம் மார்சிலிங்கில் துணைப்பாட நிலையம் ஒன்றில் பாடம் எடுத்தேன். பிறகு தரவுச் சோதனை அலுவலர் என்று ஒரு இடம் உண்டானபோது டாக்டர் கூப்பிட்டார். ஆய்வாளர் பதவி இல்லை, சம்பளமும் குறைவு. ஆனால் அதே அறை, அதே திரைகள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன், அதில் எனக்கு மனக்குறை இல்லை. மாநாட்டில் செந்தில் பேசினான், நன்றாகப் பேசினான் என்றார்கள். அவனுக்கு அங்கிருந்தே மூன்று இடங்களில் அழைப்பு வந்தது.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அந்த அறையில் நான் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கேட்கும்போதே குரல் ஏறிவிட்டது, அடக்க நான் முயலவும் இல்லை.

"அப்ப நான் வந்து சொன்ன அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும். விடை நல்ல விடைன்னு."

"தெரியும்."

"நான் தப்பா நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் விட்டுட்டுப் போறேன்னும் தெரியும்."

"தெரியும் சுசீலா."

"ஒரு வார்த்த, டாக்டர். 'இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மேடையில நாந்தான் நிப்பேன். ஒரு எடத்துலேந்தாவது என்னக் கூப்பிடுவாங்க. கதவச் சாத்திட்டு, நம்ம ரெண்டு பேருக்குள்ள, ஒரு வார்த்த. ஏன் சொல்லல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாய் வரைக்கும் வந்துச்சு. ரெண்டு தரம் வந்துச்சு" என்றார். "நீ சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா வந்து சொன்ன. நீ அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி சுசீலா சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா துக்கமா என்று பிரிக்கத் தெரியாத அழுகை. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததால் இன்னும் அதிகமாக அழுதேன். அவர் என் தோளைத் தொடவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவருக்கு அதெல்லாம் வராது. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சிறிது நேரம் கழித்துத் தாழ்வாரத்தில் செந்திலின் குரல் கேட்டது, சுசீலா அக்கா உள்ளே இருக்கிறாரா, கோப்பி ஆறிப்போகிறது என்று. உள்ளே வேலை நடக்கிறது, யாரும் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது கேட்டது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கும்வரை, அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.